வெள்ளைச் சாரியில் விழுந்த விடை

ஜூன் 16, செவ்வாய்
காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் முழங்காலளவு தண்ணீர். சனிக்கிழமை என் சொந்த விஞ்ஞான வகுப்பு தொடக்கம். முதல் நாள் இலவசம், பெற்றோரும் பின்வரிசை வாங்கில் இருந்து பார்ப்பார்கள். பிடித்தால் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் முன்பு படிப்பித்து, விட்டு வந்த டியூட்டரியிலேயே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். நினைக்கவே எரிச்சல்.

என் ஸ்லைட் எல்லாம் அங்கேதான். போனில் கேட்டேன். "எங்கட கம்பியூட்டரில செய்தது எங்கடதானே, டீச்சர்" என்றார் மனேஜர். செய்த கை யாருடையதாம்? மிச்சம், பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் மட்டும். திறந்து பார்க்கலாம்; ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

ஜூன் 18, வியாழன்
வெள்ளவத்தை. நஸ்ரினின் கொமியூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, லெமினேஷன், இதுவும் செய்கிறாள். பிடிஎஃப்பை ஸ்லைடாக மாற்றித் தந்தாள். வரிக்கு வரி தனிப் பெட்டி. தமிழ், கோழி கிளறின குப்பை. இருதயப் படம் மூன்று துண்டு.

"பயப்படாதீங்க டீச்சர். படத்த நான் ஒட்டுறன், எழுத்த நீங்க அடிங்க."

பெரிய தலையிடி வேறு. என் வழக்கம், முதலில் கேள்வி. பிள்ளைகள் முந்தியடித்து ஏதாவது சொல்வார்கள். பிறகு ஒரு கிளிக், விடை வரும். பிடிஎஃப்பில் அந்தக் கிளிக் செத்துவிட்டது. கேள்வியும் விடையும் ஒன்றாகவே நிற்கின்றன. விடைகளை மறைத்து, கிளிக்கை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி
வெயில். விரல் நோவு. புரொஜெக்டர் வயர். மார்க்கர். வெள்ளைச் சாரி அயர்ன்.

கணவர்: "சாப்பிட்டிட்டு யோசியுமன்." சாப்பாடு இறங்கினால்தானே.

ஸ்லைட் முடிந்தது. ஒன்றும் விடவில்லை.

ஜூன் 20, சனி
ஒன்றை விட்டிருக்கிறேன்.

பின்வரிசை வாங்கு நிறையப் பெற்றோர். முதல் மூன்று ஸ்லைட் வெண்ணெயாய் வழுக்கிப் போயின. நாலாவது: பனிக்கட்டி நீரில் மிதப்பது ஏன்? கீழேயே விடையும், கொட்டை எழுத்தில். பாய்ந்து திரைக்கு முன்னால் போய் மறைத்தேன். விடை என் சாரியில் விழுந்தது. வகுப்பே என் வயிற்றைப் பார்த்துச் சேர்ந்து வாசித்தது: "அடர்த்தி குறைவு!"

என் பருத்த உடம்புக்கு! பெற்றோரும் சிரித்தார்கள். அழுகை வந்தது. பின்னாலிருந்து ஒரு தாய்: "விடை தெரிஞ்சிட்டுது டீச்சர். ஏனெண்டு சொல்லுங்கோவன்."

புரொஜெக்டரை நிற்பாட்டினேன். ஆறு பேரைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் நெருக்கி நிற்பது போல் நில்லுங்கள், இது தண்ணீர். இப்போது கையை நீட்டி ஆளையாள் தோளில் பிடியுங்கள், இது பனிக்கட்டி. அதே ஆறு பேர்தான், இடம் போதவில்லை. கடைசிப் பிள்ளை கதவுக்கு வெளியே போய்விட்டாள். "அதே பாரம், கூட இடம். அதுதான் மிதக்குது!" என்று வெளியிலிருந்து கத்தினாள்.

பெற்றோர் ஒருவரும் பெயர் கொடுக்காமல் போய்விட்டார்கள்.

ஜூன் 21, ஞாயிறு
தூறல். பூசையில் மனம் நிற்கவில்லை. போனை ஐந்தாறு தரம் பார்த்தேன், கடவுள் மன்னிக்க. மத்தியானம் ஓர் அழைப்பு. நேற்றைய தாய்.

"டீச்சர், மகளும் அவட சிநேகிதப் பிள்ளையளும் வருவினம். ஒண்டு கேக்கச் சொன்னவ. அடுத்த சனியும் வெள்ளைச் சாரிதானே?"

ஓம் என்றேன்.