விடுதியே அழுத நாவல்

8-1-1973, திங்கள். கும்பகோணம்

ஒருவழியாக நாவல் என் கைக்கு வந்தது. வாரப் பத்திரிகையில் வந்ததைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. விடுதியில் இதைப் படிக்காதவள் நான் ஒருத்திதான் பாக்கி; மற்ற எல்லாரும் அழுதாயிற்று. அறைத்தோழி சஃபியா, "கைக்குட்டையோட உக்காருடி" என்று சொல்லிக் கொடுத்தாள். கல்லூரிக் காதல் கதை. நாயகி பவானிக்கு வக்கீலாக ஆசை. முதல் அத்தியாயத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது.

10-1, புதன்

அந்தப் பவானி எங்கே போனாள்? பேச்சுப் போட்டி மேடையில் சேகர் மைக்கைப் பிடுங்கி, "உனக்காக நான் பேசுகிறேன்" என்கிறான். இவள் நாணித் தலைகுனிகிறாள். அவனுக்குக் காய்ச்சல் என்று பரீட்சையையும் விட்டுவிடுகிறாள்! அவன் மிராசுதார் மகனாம். எங்கள் பக்கத்து ஊர்தான் போலிருக்கிறது. வயல் வருகிறது, "பச்சைக் கம்பளம்" என்று. அந்தக் கம்பளத்தில் நாற்று நடுகிறவள் ஒருத்தியும் இல்லை.

சஃபியாவிடம் சொன்னேன். "கடைசியில நல்லா இருக்கும், பொறுத்துப் படி" என்றாள். சரி.

16-1, செவ்வாய். ஊர்

பொங்கலுக்கு வந்தால் அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. கூலி உயர்த்திக் கேட்டு யாரும் அறுப்புக்குப் போகவில்லை. அதற்காகப் பண்ணைக் காரியஸ்தர் பஞ்சநதம் வந்து அம்மாவிடம், "மனையைக் காலி பண்ணு வேம்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பண்ணை நிலமானாலும் குடியிருக்கிறவருக்கே மனை என்று சட்டம் வந்தபோதே மனு கொடுத்தோம். 29ஆம் தேதி நன்னிலம் தாலுகா ஆபீஸில் விசாரணை.

"நீ படிப்ப விட்டுட்டு வந்துரு அம்சம். தனியா இருக்கப் பயமா இருக்கு" என்கிறாள் அம்மா.



29-1, திங்கள்

தாலுகா ஆபீஸ் வாசலில் காத்திருந்தபோது நாவலைப் பிரித்தேன். பவானி கல்லூரியை விட்டுவிட்டுச் சேகருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். எங்கள் பக்கத்து வெயிலில் ஸ்வெட்டர்! மூடிவிட்டேன். போதும். அவள் என்ன ஆனாலும் ஆகட்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். பஞ்சநதம், "அது பண்ணை மாட்டுக்கொட்டகைங்க. இதுங்க இப்பத்தான் வந்து குந்தியிருக்குதுங்க" என்றார். இதுங்களாம்! அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்தேன்.

"ஐயா, நான் பொறந்ததே அந்த வீட்டுலதாங்க. எங்கப்பா செத்ததும் அங்கதான். வந்து பாருங்க, அடுப்படிச் சுவரெல்லாம் கரி. மாடு சமைக்குமாங்க?"

யாரோ சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. "நேர்ல வந்து பாக்கிறேன்" என்றார்.

"பொம்பளப் புள்ள ரொம்பப் பேசுது" என்றார் பஞ்சநதம்.

ஆமாம், பேசுது.

பஸ்ஸில் அம்மா என் கையை விடவேயில்லை. படிப்பை விடச் சொல்லவும் இல்லை.

31-1, புதன்

நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். "முடிவ மட்டும் சொல்லட்டுமா?" என்றாள் சஃபியா. வேண்டாம் என்றதும் கோபம். பிறகு விசாரணையைப் பற்றிக் கேட்டாள். முழுக்கச் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள்.

"அப்பறம்?"

"தெரியலடி. இனிமேதான்."

20-2, செவ்வாய்

தாசில்தார் வந்து பார்த்தாராம். அடுப்படியில் வெகுநேரம் நின்றாராம்.

8-4, ஞாயிறு. ஊர்

மனை எங்களுக்கே என்று போன மாதம் உத்தரவாகிவிட்டது. அம்மா கூரையைப் பிரித்துவிட்டாள். பண்ணை அனுமதியில்லாமல் சுவரை உயர்த்தக் கூடாது என்று இத்தனை காலம் குனிந்தே நுழைந்த வீடு. இன்று மண் குழைத்துக்கொண்டே கேட்டாள்: "ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம்? லீவுக்கு வந்தா ஒனக்குப் படிக்க வெளிச்சம் வேணும்ல?"

"ரெண்டு பக்கமும் வைம்மா" என்றேன்.