ஐந்து என்று எழுதிய மரம்

ஒஸ்லோவில் குளிர் இறங்கிவிட்டது. இன்று காலை ஹீற்றரைப் போட்டேன். மேலே யன்னல் விளிம்பில் இருந்த தக்கைத் துண்டு சூடேறியதும் அறையில் புகை மணம் எழும்பியது. போர்த்துக்கலில், அலென்தேஜோவில், உன் காணியிலிருந்து வந்த துண்டு. வெளிப்பக்கம் கரி. உட்பக்கம் இன்னும் தேன் நிறம்.

இருபது வருடம் இங்கே ரொம்சோஸ் அடுக்குமாடியில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினோம். நீ பஸ் ஓட்டினாய், நான் செய்தி எழுதினேன். ஓய்வூதியம் வந்ததும் பதினொரு தக்கை மரம் நின்ற அந்தக் காணியை வாங்கினாய்.

"போத்தல் மூடிக்கு மரம் வளக்கப் போறியோ?" என்று கேட்டேன்.

"ஓம், நீ குடிக்கிற போத்தலுக்குத்தான்."

ஒரு குளிர்காலத்தில் வந்து பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த வீடு, அடியில் நீலப் பட்டை. எட்ட எட்ட நின்ற மரங்களுக்குக் கீழே பக்கத்துக் காணிக்காரரின் கறுப்புப் பன்றிகள் கொட்டை பொறுக்கித் தின்றன. எல்லா அடிமரத்திலும் வெள்ளைப் பெயின்றில் ஐந்து. பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. ஒன்பது ஆண்டு கழித்துத்தான் மறுபடி கோடரி வைக்கலாம் என்றாய்.

"அடுத்த உரிப்புக்கு நீ நிக்கோணும். ஒரு மரம் உன்ரை."

ஓம் என்றேன்.

ஒன்பதாம் ஆண்டு ஆனியில் உரிப்பு என்றதும் பயணச்சீட்டும் எடுத்தேன். புறப்பட இரண்டு நாள் இருக்க, எழுதவேண்டிய ஒரு செய்தி வந்தது, நான் நின்றுவிட்டேன். என்ன செய்தி என்று இப்போது எனக்கு நினைவில்லை.

"மச்சான், செய்தி நாளைக்கும் வரும். இது ஒன்பது வருசத்துக்கு ஒருக்காத்தான்," என்று போனில் சொன்னாய்.

கூலிக்கு வந்தவர்கள் பத்து மரத்தை உரித்து, அந்த ஆண்டின் கடைசி இலக்கமான நான்கை எழுதிவிட்டுப் போனார்கள். பதினோராவதைத் தொட நீ விடவில்லை. ஒரு மரத்துக்காக ஆட்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று பக்கத்துக் காணிக்காரர் சத்தம் போட்டாராம். "என்ரை சிநேகிதன் வருவான் எண்டிட்டன். ஆடியிலையாவது வா," என்றாய். ஆடியிலும் நான் வரவில்லை.

ஆவணியில் நெருப்பு வந்தது. பட்டை இருந்தால் தக்கை மரம் மேலே கருகியும் பிழைக்கும். புதிதாக உரித்த மரத்துக்கு அந்தக் கவசம் இல்லை. அடுத்த இளவேனிலில் போன் எடுத்தாய்.

"பத்தும் செத்துப் போச்சு. உன்ரை மட்டும் துளிர்க்குது. நீ வராததாலை தப்பிச்சுது, பாத்தியே."

சிரித்தாய். அதற்குப் பிறகு நீ என்னை வா என்று கூப்பிடவேயில்லை.

இந்த மாசியில் நீ இறந்தபின் உன் மகளோடு வந்தேன். பக்கத்துக் காணிக்காரர் விரலை என் பக்கம் நீட்டினார், பிறகு, இவன்தானா அந்தச் சிநேகிதன் என்பதுபோல், அந்த மரத்தின் பக்கம் நீட்டினார். உன் மகள் தலையாட்டினாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பட்டை கருகிப் பிளந்திருந்த ஓரத்தில் உன் மகள் ஒரு துண்டை உடைத்து என்னிடம் தந்தாள்.

காணி விற்றாயிற்று. நான் போகாததால் ஒரு மரமாவது தப்பியது என்று இங்கே ஆறுதல் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் நெருப்புக்குத் தப்பட்டும் என்று நீ அதை விட்டுவைக்கவில்லை. அந்தக் கரிந்த பட்டையின் மேல் நீ புதிதாகப் பெயின்ற் அடித்திருந்ததை நான் பார்த்தேன். இன்னும் உரிக்காத மரத்தின் அதே பழைய ஐந்தைத்தான் எழுதியிருந்தாய்.