தறிக்குழித் தண்ணியும் ஆறு மாங்கன்றும்

ஐப்பசி, வியாழக்கிழமை.

அக்கா மகள் கலைவாணி காலேஜ் ஆராய்ச்சிக்காக என் கொல்லையில் ஆறு ஒட்டு மாங்கன்று வெச்சிருக்கா. செத்தா அவளுக்கு ஒரு வருஷம் வீண். கோடையில இலை தொங்கினப்போ தண்ணி ஊத்திக் காப்பாத்தினவன் நான்தான். அதுலேர்ந்து தெரு முழுக்க செடி டாக்டர்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். இந்த மழையிலும் இலை தொங்கிச்சு. தாகம்னு நெனச்சி, தேங்கின தண்ணி மேலேயே தினம் ஊத்தினேன்.

இன்னைக்கு வந்து பார்த்தவ தலையில அடிச்சிக்கினா. “மாமா, நீங்க கால் வெச்சி உக்கார்ற தறிக்குழியில முட்டி வரைக்கும் தண்ணி நின்னா நீங்க நெய்வீங்களா? வேருக்கு மூச்சு முட்டுது. காஞ்சாலும் மூழ்கினாலும் இலை காத்து வாங்கற வாசலைச் சாத்திக்கும். வெயில் அடிச்சாலும் தனக்குச் சாப்பாடு சமைக்காது.”

ஜல்தியா வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிச்சோம். வேர் இன்னும் அழுகல, பிழைச்சிக்கும்னு சொன்னா.

பக்கத்து வீட்டுத் தறிக்கார முனுசாமி எட்டிப் பார்த்து, “என்னா டாக்டரே, பேஷண்ட் போயிட்டாரா?”ன்னான். கலைவாணிதான், “மாமா இல்லன்னா கோடையிலேயே போயிருக்கும்ணா”ன்னா. அது பொய் இல்ல. மீதியை அவ சொல்லல.

நல்லா இரும்மா கலைவாணி. தினம் நாலு குடம் ஊத்தினேன்னு உன்கிட்ட சொன்னேன். ஊத்தினது பத்து.