துடைக்காத சிலேட்டு

மச்சான்,

கோவை இலையைக் கசக்கினால் வருமே ஒரு பச்சை வாசனை, அது இன்று என்னைக் கொன்றுபோட்டது. வேட்டு வைக்கும் வேலை கற்க என்னிடம் வந்திருக்கும் புது ஆட்களில் ஒருவன், என் பெட்டியில் கிடந்த உன் சிலேட்டை எடுத்துக்கொண்டு, கையில் இலையோடு நின்றான். "இன்னாண்ணே, பழைய எழுத்தா கீது. தொடச்சிடட்டா?" என்றான். நான் கத்திய கத்தலில் சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டான்.

நாம் இருவரும் குடியாத்தத்திலிருந்து இந்தத் தங்கச் சுரங்கத்துக்கு ஒன்றாக நடந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக எழுத்துப் படித்தோம். பாறைத் துளையில் மருந்து அடைப்பது, திரி கொளுத்துவது, தள்ளி நின்று வேட்டுகளை எண்ணுவது, எல்லாம் ஒன்றாகவே கற்றோம். எத்தனை துளையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஷிஃப்டில் யாரும் அங்கே போகக் கூடாது. இதையெல்லாம் நான் ஒரே வாரத்தில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். நீயோ சுரங்கத்திலிருந்து கேஜ் கூண்டில் மேலே வந்ததும், குளிக்கக்கூடப் போகாமல் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவாய். அன்று எது புரிந்தது, எங்கே தப்பு செய்தாய், ஏன் செய்தாய் என்று எழுதுவாய். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் இலையால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவாய்.

"பெரிய கலெக்டரு, தீர்ப்பு எழுதுறாரு!" என்று கேலி செய்வேன். நீ சிரித்துக்கொண்டே, "சொல்லிக் குடுத்தது அவங்களுது மச்சான். நான் யோசிச்சாத்தான் என்னுது" என்பாய்.

சுரங்கத்துக் கேப்டன் துரை பரீட்சைக்குக் கேள்வி கேட்ட நாளில் நான் கடகடவென்று சொல்லித் தேறினேன். நீ ஒரு கேள்விக்கு, "கொஞ்சம் யோசிச்சு சொல்றேன் தொரை" என்றாய். துரைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நான் வேட்டுக்காரன் ஆனேன், நீ எனக்கு உதவியாள் ஆனாய். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது.

அன்று ஏழு துளை. மெழுகுவர்த்தியோடு தள்ளி நின்று எண்ணினோம். "ஏழும் ஆச்சு, போய்ப் பாரு" என்றேன்.

"ஆறுதான் கேட்டுச்சு மச்சான். சொம்மா சொல்லல, ஒருவாட்டி யோசிச்சுப் பாரு" என்றாய்.

"தேறினது நானா, நீயா?" என்று கேட்டேன். நீ மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போனாய். ஏழாவது வேட்டு அப்போதுதான் வெடித்தது.

விசாரணையில், "ரெண்டு பேருமே ஏழுன்னுதான் எண்ணினோம்" என்று சொல்லிவிட்டேன். உன் சம்சாரம் அதை நம்பினாள். நீ தப்பாக எண்ணிச் செத்தாய் என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டு, பேத்தமங்களா கிராமத்தில் நாற்று நட்டுப் பிழைக்கிறாள்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் இப்போது மின்சார விளக்கு எரிகிறது. மற்றபடி எதுவும் மாறவில்லை. ஓடிப்போனவனை மதியம் கூப்பிட்டு, "எண்ணிக்கையில சந்தேகம் வந்தா இன்னா செய்வே?" என்று கேட்டேன். "அது நீங்க சொல்லிக் குடுக்கலியேண்ணே" என்றான். ஐயோ, அவன் அப்படியே நான். இவனையும் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் சிலேட்டில் இருப்பது நீ சாவதற்கு முந்தின நாள் எழுதியது. "இன்று ஒரு சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மச்சானுக்குப் பயந்து சொல்லவில்லை. நாளைக்கு அப்படி இருந்தால் சொல்லிவிட வேண்டும்." அதைத் துடைக்க நீ மேலே வரவில்லை. ஆனால் எழுதினபடியே சொன்னாயே, மச்சான்! காதில் வாங்காத பாவிக்கு என்ன மன்னிப்பு இருக்கிறது? நான் யாரிடம் போய் அழுவேன்?

இன்று சிலேட்டின் மறுபக்கத்தில் நான் எழுதினேன். செய்த தப்பை எழுதுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. "அவன் ஆறு என்றான். நான் கேட்கவில்லை. விசாரணையில் பொய் சொன்னேன்." இரண்டு பக்கமும் அழியாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பேத்தமங்களா ரோட்டில் நடக்கப் போகிறேன். உன் சம்சாரத்துக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.