கம்பத்தில் கட்டப்பட்ட பிறந்தநாள்

மார்ச் 4
இன்றும் ஆஸ்கெரிடம் சொல்லவில்லை. "நமக்கு ஒரு குழந்தை இருந்தா நல்லா இருக்கும், ரிக்கே," என்றான், பாத்திரம் துலக்கிக்கொண்டே. எனக்கும் ஆசைதான். ஆனால் நார்வேயில் வேலை பார்ப்பதாக நான் சொல்லிவைத்திருக்கும் அம்மா, ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில், ஸ்வென்போரில் இருக்கிறாள். அவளுக்கு ஸ்கிட்ஸோஃப்ரீனியா. தாத்தாவுக்கும் இருந்தது. எந்த வாக்கியத்தில் தொடங்குவது?

மார்ச் 11
மரபணு ஆலோசகரைப் பார்த்தேன். ஒரு ரத்தப் பரிசோதனை 'வரும்' அல்லது 'வராது' என்று சொல்லிவிடும் என நம்பியிருந்தேன். அப்படி ஒன்று கிடையாதாம். ஒரு மரபணு அல்ல, நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வரலாம். "மீதித் தொண்ணூறு பேரை மறந்துடாதீங்க," என்றார். மறக்கவில்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க அந்தப் பத்துப் பேரோடுதான் நின்றேன்.

மார்ச் 18
நாளை எனக்கு இருபத்தைந்து வயது. ஆஸ்கெரோடு சேர்ந்து வாழ்ந்தாலும் கல்யாணம் ஆகாதவள். இந்த வயதில் கல்யாணம் ஆகாதவர்கள்மேல் நண்பர்கள் இலவங்கப்பட்டைத் தூளைக் கொட்டுவது இங்கே டென்மார்க்கில் வழக்கம். பழைய கோட் ஒன்றை எடுத்துவைத்தேன்.

மார்ச் 19
காதுக்குள்கூடப் பட்டைத்தூள்!

விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். தூவினார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே பெரிய டப்பாவோடு — அம்மா. ஓடவும் முடியாதே!

"நார்வேயிலேர்ந்து நேரா வரேன்டி," என்று தலையில் கவிழ்த்தாள். "அங்க ஒரே குளிர்."

கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையில் முகவரி இருந்திருக்கிறது. ஆஸ்கெர் போன மாதமே போய்ப் பார்த்திருக்கிறான்.

"ஆஸ்கெர், அம்மாவுக்கு—" வாய் நிறையத் தூள்.

"அவங்களே சொல்லிட்டாங்க. மாத்திரை பேரு உட்பட."

"எனக்கும் வரலாம்டா. குழந்தைக்கும். உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. வந்தா பாத்துக்குவோம். நீ பொய் சொன்னதுக்குத்தான் கோவம்." பிறகு, "உங்கம்மா சீட்டுல கள்ளாட்டம் ஆடுறாங்க. அது பரம்பரையா வருமா?"

"அது நூத்துக்கு நூறு," என்றாள் அம்மா.

கம்பம் குலுங்கச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று!

ஜனவரி 22
மருத்துவச்சி படிவத்தை நிரப்பினார். குடும்பத்தில் யாருக்காவது மனநோய்?

"அம்மாவுக்கு. தாத்தாவுக்கு."

எழுதிக்கொண்டார். "காபி ஒரு நாளைக்கு எத்தனை கப்?"

ஆகஸ்ட் 14
பெண். அம்மா பத்து மணி ரயிலில் வந்தாள்.