தளபதி வாரிக் திரும்பி வந்த வாரம்

டிசம்பர் 6, வெள்ளி

இல்லாத ஒரு மனிதன் செத்தே கிடக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்? காலையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று மாலை ‘தொலைச்சுடர்’ விண்வெளிப் படவரிசையின் ஏழாம் படம். எங்கள் நியூகாசில் ரசிகர் மன்றத்து ஆட்கள் எல்லோரும் நடு வரிசைகளில். தலைவர் மெர்வின் வழக்கம்போல படத்தில் வரும் அந்த நீலக் கப்பற்படைச் சட்டையில். பொத்தான்கள் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் ட்ரூடி. அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு காலி இருக்கை. ஆகஸ்டில் அவள் கணவன் ரஸ் இறந்த பிறகு வரும் முதல் படம். அவன் இடத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கியிருந்தாள்.

படம்? முதல் அரை மணி பரவாயில்லை. அப்புறம் ஒரு பனிக்கோளில் ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே தளபதி வாரிக். மூன்றாம் படத்தில் வெளியே நின்று தானே கதவைச் சாத்திவிட்டு, கப்பலைப் போகச் சொல்லிச் செத்த அதே வாரிக். கப்பலின் நினைவகத்தில் அவருடைய ‘பிரதி’ இருந்ததாம். முப்பது வருடமாக ஒருத்தருக்கும் தோன்றவில்லையாம். நடிகருக்கு இப்போது எண்பது இருக்கும். முகத்தைக் கணினியில் தேய்த்து இளமையாக்கியிருக்கிறார்கள். கண் ஒரு பக்கம் போகிறது, கன்னம் ஒரு பக்கம் போகிறது. திரையரங்கமே எழுந்து கைதட்டியது. நான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கடற்கரைச் சுவரில் மீனும் சிப்ஸும். நிலக்கரிக் கப்பல்கள் வரிசையாக நின்றன.

“வந்துட்டான் பாருடி! முப்பது வருஷம் கழிச்சு வந்துட்டான்!” ட்ரூடியின் முகத்தை ஆகஸ்டுக்குப் பிறகு நான் அப்படிப் பார்த்ததில்லை.

“மெழுகுப் பொம்மை ஒண்ணு வந்துச்சு” என்றேன்.

“ஆரம்பிச்சுட்டா.”

“பெட்டிக்குள்ள வெச்சிருந்தா பூஞ்சை பிடிக்காதா? அதையாவது காட்டியிருக்கலாம்.”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. சிப்ஸ் ஆறுது” என்றார் மெர்வின். கடற்பறவை ஒன்று அவருடைய மீனைத் தூக்கிக்கொண்டு போனது. நேற்று நடந்த ஒரே நல்ல காரியம்.

டிசம்பர் 7, சனி

மெர்வின் அழைத்தார். அடுத்த சனிக்கிழமை வாக்கெடுப்பு. வழக்கம்போல ஒருவர் ஆதரித்து, ஒருவர் எதிர்த்து. ஆதரித்து ட்ரூடி. எதிர்த்து நான்.

“நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டாளிங்க. கைகலப்பு வராது பாருங்க, அதான்” என்றார்.

வெளியாட்களுக்கு இது கேலிக்கூத்து என்று எனக்குத் தெரியும். ஒரு படம் வந்தால் அது கதையில் சேருமா சேராதா என்பதைத் தயாரித்தவர்கள் தீர்மானிப்பதில்லை, நாங்கள் தீர்மானிக்கிறோம். சாரணர் கூடத்தில், நடந்து. சேரும் என்பவர்கள் கடல் பக்கச் சுவருக்கு. சேராது என்பவர்கள் சாலைப் பக்கச் சுவருக்கு. நடுவில் நிற்கக் கூடாது. ஐந்தாம் படம் சேரவில்லை. அது எங்களைப் பொறுத்தவரை எடுக்கப்படவே இல்லை. கூட்டத்தில் வாய் தவறி அதைக் குறிப்பிட்டால் அன்றைக்குத் தேநீர்க் கோப்பைகளை நீங்கள்தான் கழுவ வேண்டும். முடிவு அடுத்த படம் வரும்வரை நிற்கும்.

இதை என் ஆய்வகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பர் 9, திங்கள்

சோதிக்க வேண்டிய தண்ணீர் மாதிரிகள் வரத் தாமதம். சும்மா இருந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள், அந்தப் படம் எப்படி என்று. “நீளம்” என்றேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

ட்ரூடி நான்காவது முறையாகப் பார்த்துவிட்டு வந்தாளாம். ஒரு வாரம்கூட ஆகவில்லை. தனியாக, பகல் காட்சிக்கு.

என் பேச்சை எழுதினேன். எழுத எழுதச் சுவையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது. பெட்டிக்கு ஒரு பத்தி. கன்னத்துக்கு ஒரு பத்தி. வாரிக் வாய் திறந்ததும் சொல்லும் முதல் நகைச்சுவைக்கு ஒரு முழுப் பத்தி. ஒருவர் செத்து முப்பது வருடம் கழித்து எழுந்து காப்பி கேட்பாரா? கேட்கிறார்.

மூன்றாம் படம் வந்தபோது எனக்குப் பதினேழு. அந்த வருட ஈஸ்டருக்கு முன்பு அம்மா போனாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் எங்கோ இருக்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னார்கள். அந்தப் படம் மட்டும்தான் சொல்லவில்லை. கதவு மூடியது, கப்பல் போனது, கடைசிக் காட்சியில் அவர் நாற்காலியில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஒரு படமாவது என்னிடம் பொய் சொல்லவில்லை என்று நினைத்தேன். இத்தனை காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் பேச்சில் சேர்க்கவில்லை. இது அவர்களுக்கு எதற்கு?

டிசம்பர் 12, வியாழன்

வேலை முடிந்து ட்ரூடி வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

அவள் சமையலறையில் இருந்தாள். தேநீருக்குக் கெண்டியை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “சனிக்கிழமை கொஞ்சம் பாத்துப் பேசுடி.”

“ஏன்?”

“எனக்குப் புடிச்சிருக்கு. அவ்ளோதான். எல்லாத்துக்கும் உனக்குக் காரணம் வேணுமா?”

“புடிச்சா பாரு. பத்து தடவை பாரு. கதையில சேக்கணும்னு ஏன் கேக்கற?”

“சேந்தா அவன் இருக்கான். சேரலைன்னா இல்ல. இதுகூடப் புரியாதா உனக்கு? பெரிய படிப்பு படிச்சவ!”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பேச்சுக்கு எழுதி வைத்த கடைசிப் பத்தியை அப்படியே சொன்னேன். “அது கதை இல்ல ட்ரூடி, ஏமாத்து வேலை. செத்தவன் செத்தவன்தான். பெட்டியைத் தொறந்தா எந்திரிச்சு வர மாட்டான்.”

வாரிக்கைத்தான் சொன்னேன். வாரிக்கை மட்டும்தானா?

கெண்டி கொதித்து அடங்கியது. அவள் அதைத் தொடவில்லை.

“தெரியும். ரஸ்ஸோட சாம்பல் என் வீட்ல, டிவி பக்கத்துலதான் இருக்கு” என்றாள்.

பிறகு, என் பெயரைச் சொல்லி, “வீட்டுக்குப் போ, நீன்.”

நான் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எதற்குக் கேட்பது — படத்தைச் சொன்னதற்கா, உண்மையைச் சொன்னதற்கா?

டிசம்பர் 13, வெள்ளி

அழைக்கவில்லை. அழைப்பும் வரவில்லை.

டிசம்பர் 14, சனி

இங்கே டிசம்பர் நடுக்கோடை. கூடம் அடுப்பு மாதிரி இருந்தது. மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. அதற்கு நேரே மெர்வின்.

ட்ரூடி முதலில் பேசினாள். ஒரு நிமிடம்கூட இல்லை. “எனக்கு அவர் திரும்பி வந்தது சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷமா இருக்கறது தப்பில்லைன்னு நினைக்கிறேன்.” உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து எல்லாவற்றையும் படித்தேன். பெட்டி, பூஞ்சை, கன்னம், காப்பி. சிரித்தார்கள். காப்பிக்கு மெர்வினே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசிப் பத்தி, செத்தவர்களைப் பற்றியது, அதைப் படிக்காமல் தாளை மடித்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. ட்ரூடி கவனித்தாள்.

“சரி, நடங்க” என்றார் மெர்வின்.

நான் சாலைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாலு எட்டு வைத்தால் என் சுவர். எழுந்தேன். எதிர்ப்பக்கம் நடந்தேன். ஏன் என்று கேட்டால், எல்லோரும் சிரித்த பிறகு அவள் தனியாக அந்தச் சுவரில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கூடத்தின் நடுவில் ட்ரூடி எதிரே வந்துகொண்டிருந்தாள். சாலைப் பக்கச் சுவரை நோக்கி.

இருவரும் நின்றோம். “எங்கடி போற?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீ எங்க போற?”

“நடுவுல நிக்கக் கூடாது!” என்று மெர்வின் கத்தினார். நடந்தோம். அவள் என் சுவரில் போய்ச் சாய்ந்தாள், நான் அவள் சுவரில்.

ஒரே வாக்கு வித்தியாசத்தில் படம் சேர்ந்தது. நாங்கள் இருவரும் இடம் மாறாமல் இருந்திருந்தாலும் கணக்கு இதேதான். அது இன்னும் எரிச்சல். இனி வாரிக் உயிரோடு இருக்கிறார், அதில் என் கையும் உண்டு. கன்னத்தோடு, காப்பியோடு. அடுத்த படம் வர எத்தனை வருடமோ.

ட்ரூடி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நாளைக்கு அவள் பேச மாட்டாள். இந்த வருடம் முழுக்கப் பேசாவிட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையிலேயே ட்ரூடி வந்து வாசல் கொசுவலைக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள்.

“கோழை!” என்றாள். நான் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

“உள்ள வா.”

“வர மாட்டேன். என்னைப் பாத்துப் பாவப்பட்டியா நேத்து?”

“ஆமா.”

“ஊரே பாவப்படுது! ஆளாளுக்கு லசான்யா சமைச்சுக் கொண்டாந்து குவிக்கிறாங்க, ஃப்ரீசர் கதவு மூடல. நீ ஒருத்திதான் என் மூஞ்சிக்கு நேரா செத்தவன் செத்தவன்தான்னு சொன்ன. அன்னிக்கு உன்னை அடிக்கணும்போல இருந்துச்சு. ஆனா அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன். எழுந்து யோசிச்சுப் பாத்தா நீ சொன்னதுதான் சரி. நான் அந்தப் பக்கம் நடந்தா, நீ என்னடான்னா—”

“உனக்குப் படம் புடிச்சிருந்துச்சே.”

“முதல் தடவை புடிச்சுது. நாலாவது தடவை பாத்தப்பவே மெழுகுதான் தெரிஞ்சுது, ஒத்துக்கத்தான் மனசு வரல. பாழாப்போனவளே, நீ சொன்னதுலேர்ந்து வேற எதுவும் தெரியல.”

பிறகுதான் உள்ளே வந்தாள். காப்பி போட்டேன். பாதி குடித்துவிட்டு, “ரஸ்ஸோட துணியெல்லாம் அலமாரியில அப்படியே இருக்கு. தனியா முடியல. எந்திரி” என்றாள்.

போனோம். அவள் எடுத்துக் கொடுத்தாள், நான் மடித்துப் பைகளில் வைத்தேன். சில சட்டைகளை முகர்ந்தாள், சிலவற்றை அப்படியே தந்தாள். ஒன்றையும் திரும்பக் கேட்கவில்லை. மதியத்துக்குள் அலமாரி காலி.

பைகளை என் காரில் ஏற்றிப் பழைய துணியை நன்கொடையாக வாங்கிக்கொள்ளும் கடைக்குப் போனோம். மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. வாசலில் பைகளைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று பெரிய எழுத்தில் அறிவிப்பு. ட்ரூடி அதைப் படித்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

நான் வண்டியை அணைத்தேன். வெயில் ஏறியதும் ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டேன். அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தோம்.