பதினான்காம் எண் பிழை

9 ஆகஸ்ட் 1987, ஞாயிறு

மறுபடியும் தப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பிரெஞ்சு மதிப்பெண்ணுக்குச் சராசரி போடத் தெரியாத கம்ப்யூட்டரை எதற்குத்தான் அண்ணன் சவரிநாதன் பிரான்சிலிருந்து சுமந்துகொண்டு வந்தானோ. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் காட்டுகிறது. மூன்றாவது அல்லி, இருபதுக்குப் பன்னிரண்டரை வாங்கியவள். கம்ப்யூட்டரை மாட்டியிருக்கும் டிவித் திரையில் வெறும் பன்னிரண்டு. அவளுக்குப் பின்னால் எல்லாமே கந்தரகோளம். நன்றாகப் படிக்கிற நூர் அகமதுக்கு ஐந்து.

"அந்தப் பொட்டிய மூடிட்டு வந்து சாப்புடு. முப்பத்திமூணு வயசுல டிவியோட சண்டை போடுற ஒரே பொம்பளை நீதான்" என்றாள் அம்மா.

புரோகிராமை முழுக்கக் கையால் எழுதி எங்கள் தபால் வட்டத்தின் உறையில் வைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பதினோரு பேர் நாங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரே தடித்த உறை ஊர் ஊராகத் தபாலில் சுற்றும். ஓடாத புரோகிராமை அதிலுள்ள பிழைத்தாளில் பதிய வேண்டும். தெரிந்தவர் பதில் எழுதுவார். என்னுடையது எண் 14.

23 ஆகஸ்ட்

பிழைத்தாளைக் கவனித்துக்கொள்ளும் தியாகராசன் திருச்சியிலிருந்து நேராக எனக்கே எழுதியிருக்கிறார். "உங்கள் புரோகிராமை அப்படியே தட்டினேன். இங்கே சரியாக ஓடுகிறது. அல்லிக்குப் பன்னிரண்டரை வருகிறது. உங்கள் வீட்டில் கரண்ட் ஏறி இறங்குமா?"

இறங்காமல் என்ன? அதற்காகக் கரண்ட் வந்து அல்லியிடம் மட்டும் அரை மார்க் திருடுமா? அப்படியே எழுதிவிட்டேன். துடுக்காகப் போய்விட்டதோ?

6 செப்டம்பர்

சிரித்தாராம். ஆலையிலிருந்து வந்ததும் முதல் வேலை என் புரோகிராம்தானாம். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். "வீட்டில் பேச ஆளில்லை. ஊரார் பிழைகளோடுதான் பேச்சு" என்று எழுதியிருக்கிறார்.

14 செப்டம்பர்

தபால் இல்லை.

15 செப்டம்பர்

இன்றும் இல்லை. தபால்காரர் தாவூது பாய் தெருமுனையிலேயே கையை விரித்துவிட்டார். "திருச்சிக்காரரு இன்னிக்கும் எழுதலீங்க டீச்சர்." ஊருக்கே தெரிந்துவிட்டது போல.

27 செப்டம்பர், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

அவர் தட்டியதைத் தன் கையால் எழுதி அனுப்பியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அவர் 12.5 என்று புள்ளி வைத்திருக்கிறார். நான் எழுதியது 12,5. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் எங்களுக்குப் பிரெஞ்சில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது கமாதான் போடச் சொன்னார்கள். இன்றுவரை கை அப்படியே போகிறது. கம்ப்யூட்டருக்குக் கமா என்றால் அடுத்த எண். பன்னிரண்டை அல்லிக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச ஐந்தை அடுத்து நிற்கிற நூர் அகமதுக்குக் கொடுத்திருக்கிறது. தியாகராசன் என் கமாவைப் புள்ளி என்றே படித்து, தன்னையறியாமல் திருத்தித் தட்டியிருக்கிறார். காரைக்காலுக்கு வெளியே யார் இந்தத் தப்பைச் செய்வார்கள், அவருக்குத் தோன்ற?

மாற்றினேன். ஓடியது. சந்தோஷப்பட வேண்டியவள் உட்கார்ந்து அழுதேன். இதைச் சொன்னால் "மிக்க மகிழ்ச்சி" என்று ஒரு வரி வரும். அப்புறம்? அப்புறம் எனக்கு யார் எழுதுவார்?

28 செப்டம்பர்

எழுதினேன்: "இன்னும் அப்படியேதான் இருக்கிறது."

18 அக்டோபர்

கோளாறு கேசட்டிலா, கம்பியிலா, டிவியிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இல்லை, இல்லை, இல்லை என்று புளுகுகிறேன். கேள்விகளுக்குக் கீழே நாலு வரி தன்னைப் பற்றி எழுதுவார். சோறு குழைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் கல்யாணம், இப்படி. அந்த நாலு வரிக்காகத்தான் இவ்வளவும். இந்தத் தடவை, "கடல் சத்தம் உங்கள் வீட்டுக்குக் கேட்குமா?" என்று கேட்டிருக்கிறார். எத்தனை தடவை படித்தேனோ. சீ, என்ன பெண் நான்.

8 நவம்பர்

"எண் 14 என்னைத் தோற்கடித்துவிட்டது. இது தெரியாதவன் பிழைத்தாளை வைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். கம்ப்யூட்டரையும் விற்றுவிடலாமென்று இருக்கிறேன்."

அடிப் பாவி இசபெல்லா, என்ன காரியம் பண்ணிட்டே? பேச ஆளில்லாத மனுஷன். இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டியே.

9 நவம்பர்

நானே தபாலாபீஸுக்கு நடந்துபோய்க் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தேன். கமா விஷயத்தை மட்டும் எழுதித் தப்பித்திருக்கலாம். நேற்றுதான் கண்டேன் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? செப்டம்பர் 27 என்று தேதியோடு எழுதினேன். ஏன் மறைத்தேன் என்பதையும் எழுதினேன் — சொன்னால் உங்கள் கடிதம் நின்றுவிடும் என்று.

24 நவம்பர்

நின்றேவிட்டது.

2 டிசம்பர்

வட்டத்தின் உறை வந்தது. பிழைத்தாளில் அவர் கையெழுத்து: "எண் 14 தீர்ந்தது. கண்டுபிடித்தவர்: இசபெல்லா, காரைக்கால்." தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். மற்றவர்கள் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொறுப்பையும் விடவில்லை, நல்லவேளை.

எனக்கென்று ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. உறையை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தேன்.

19 டிசம்பர்

தாவூது பாய் இரண்டு வீட்டுக்கு முன்னாலிருந்தே பெல் அடித்துக்கொண்டு வந்தார்.

"புதிதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஓடமாட்டேன் என்கிறது. எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. 27ஆம் தேதி ஞாயிறு எனக்கு வேலை எதுவும் இல்லை. — தியாகராசன்."

கீழே இருபது வரிகள். உட்கார்ந்து தட்டினேன். முதல் தடவையே ஓடியது. ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

பதில் எழுதினேன்: "பெரிய கோளாறுதான். கடிதத்தில் தீராது. தஞ்சாவூரில் இறங்கிக் காரைக்கால் பஸ் பிடியுங்கள். விடியக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்."

அம்மாவிடம் சொன்னேன். "அவரு மீன் சாப்புடுவாராடி?" என்றாள்.

தெரியவில்லை. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. அதையும் கேட்டு எழுத வேண்டும்.